மாட்டுத் தீவனத்தில் மாட்டு டிஎன்ஏ வந்திருக்கிறது: ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, எங்கே தேடுவது?

தக்கலை_மில் கேட்டது:

தக்கலைப் பக்கம் சின்ன தீவன மில். ஒரு ஹேமர் மில், ஒரு பக்கெட் எலிவேட்டர், ரிப்பன் போன்ற தகடு சுழன்று கலக்கும் 500 கிலோ ரிப்பன் மிக்சர். பால்மாட்டுத் தீவனம், கன்றுத் தீவனம், கோழித் தீவனம் மூன்றும் இதே வரிசையில்தான் ஓடுகிறது. மொத்தமாக எடுக்கும் ஒருவர், மாட்டுத் தீவனத்தில் விலங்குப் பொருள் எதுவும் இல்லை என்று டிஎன்ஏ ரிப்போர்ட் கேட்டார். ஒரு மூட்டையைப் பிரித்து மேலிருந்து அரைக் கிலோ எடுத்து ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வந்தது இது:

அசைபோடும் விலங்கு: உண்டு. சிடி 35.6, 36.1
பன்றி: இல்லை
கோழி: உண்டு. சிடி 31.2, 31.0
மீன்: உண்டு. சிடி 27.4, 27.5

பால்மாட்டுத் தீவனத்தில் போடுவது மக்காச்சோளம், அரிசித் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, காய்ந்த மரச்சீனித் தூள், மொலாசஸ், உப்பு, தாது உப்புக் கலவை 2%. இதில் இறைச்சியோ எலும்போ ரத்தமோ ஒரு பிடி கூடக் கிடையாது. அப்படியிருக்க மாட்டு டிஎன்ஏ எங்கிருந்து வந்தது? சிடி 36 என்பது பெரிய அளவா, சின்ன அளவா? இதை வைத்து என் தீவனம் சட்டத்துக்கு விரோதம் என்று ஒருவர் சொல்ல முடியுமா? மறுபடி சோதிப்பதாக இருந்தால் எதை, எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

பிசிஆர்_மேசை பதில்:

அண்ணாச்சி, டிஎன்ஏ சோதனை அது எந்த விலங்கு என்று சொல்லும். அந்த விலங்கின் எந்தப் பாகம் என்று சொல்லாது. உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது முதலில் மனதில் இருக்க வேண்டியது இதுதான். மாட்டு எலும்புத் தூளில் இருப்பதும், இறைச்சித் தூளில் இருப்பதும், பால் பவுடரில் இருப்பதும் ஒரே டிஎன்ஏ. பாலில் மடியிலிருந்து உதிரும் செல்கள் எப்போதும் இருக்கும், அதனால் பால் பவுடர் சேர்ந்த எதுவும் இந்தச் சோதனையில் மாடு என்றே வரும். சாணித் தூசி, மாட்டு ரோமம் பட்டாலும் அப்படித்தான்.

சோதனை வேலை செய்யும் விதம் சுருக்கமாக: பிசிஆர் என்ற முறையில், தேடும் டிஎன்ஏ துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிப் பார்ப்பார்கள். பெரும்பாலான ஆய்வகங்கள் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டிஎன்ஏவைத் தேடுகின்றன. சைட்டோகுரோம் பி, 12எஸ், 16எஸ் போன்ற பகுதிகள். செல்லின் உட்கருவில் இருக்கும் மரபணு ஒரு செல்லுக்கு இரண்டு பிரதி என்றால், மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது நூற்றுக்கணக்கில் இருந்து ஆயிரக்கணக்கில். அதனால்தான் துளி இருந்தாலும் பிடிபடுகிறது. ஆனால் இறைச்சி எலும்புத் தூள் பச்சையாக வருவதில்லை. ஐரோப்பிய விதியில் உள்ள அழுத்த முறை 133 டிகிரி, 3 பார், 20 நிமிடம். இந்தச் சூட்டில் டிஎன்ஏ சிறு சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். தேடும் துண்டு 60 முதல் 150 காரஇணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளத்துக்குள் இருந்தால்தான் கிடைக்கும். பச்சை இறைச்சியில் கலப்படம் பார்க்க வைத்திருக்கும் 300, 400 காரஇணை பிரைமரை, அதாவது தேடும் துண்டின் முனைகளைப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ இழையை, தீவனத்தில் போட்டால் 'இல்லை' என்றுதான் வரும், அந்த 'இல்லை'க்கு மதிப்பே கிடையாது. உங்கள் ரிப்போர்ட்டில் பன்றி இல்லை என்று இருக்கிறதே, அதை நம்புவதற்கு முன் துண்டின் நீளம் என்ன என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். அவர்கள் பார்த்தது பசு மட்டுமா, அசைபோடும் விலங்கு மொத்தமுமா? நம் நாட்டில் எருமை இறைச்சி அதிகம். பசுவுக்கு மட்டுமான பிரைமர் எருமையை விட்டுவிடலாம். உங்களுக்கு 'அசைபோடும் விலங்கு' என்று போட்டிருக்கிறார்கள், நல்லது. ஆனாலும் பசு, எருமை, ஆடு மூன்றையும் அந்தப் பிரைமர் பிடிக்கிறது என்று சரிபார்த்திருக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சிடி என்பது எத்தனையாவது சுற்றில் சமிக்ஞை தெரிந்தது என்பது. எண் கூடக் கூட டிஎன்ஏ குறைவு. பத்து மடங்கு குறைந்தால் சிடி சுமார் 3.3 கூடும். 35, 36 என்பது விளிம்பு. இந்த இடத்தில் ஒரு ஆய்வகத்தின் சுத்தம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. மாதிரி இல்லாமல் வெறும் கரைசலை மட்டும் வைத்து முதலிலிருந்து பிரித்தெடுத்த வெற்றுச் சோதனையில் சிடி எவ்வளவு வந்தது? அதுவே 37, 38 என்று வந்திருந்தால் உங்கள் 36-ஐ மாடு என்று சொல்லக்கூடாது. மாடு தேடும் சோதனையில் இது அடிக்கடி நடக்கும். காரணம், பிசிஆரை அடக்கும் தடைப்பொருளைச் சமாளிக்க பிசிஆர் கலவையில் போடும் பிஎஸ்ஏ என்ற புரதம் மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது. அதில் மாட்டு டிஎன்ஏ ஒட்டியிருந்தால் எல்லாக் குழாயும் மாடு என்று சொல்லும். பிஎஸ்ஏ போடுகிறார்களா, போட்டால் டிஎன்ஏ இல்லாத தரமா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

கருங்கல்_பண்ணை பதில்:

அப்படியென்றால் கணக்கு எளிதுதானே? மீன் 27, மாடு 36. ஒன்பது சுற்று வித்தியாசம், இரண்டின் ஒன்பதாவது அடுக்கு 512. மீன் தூள் 1% கலந்திருந்தால் மாடு 0.002%. அந்த அளவை விட்டுவிடலாமே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை?

பிசிஆர்_மேசை பதில்:

தம்பி, அந்தக் கணக்கு நிற்காது. மீன் சோதனையும் மாட்டுச் சோதனையும் வேறு வேறு பிரைமர், வேறு வேறு இலக்கு. ஒன்றின் சிடியை இன்னொன்றின் சிடியோடு கழித்துப் பார்க்க முடியாது. ஒரே விலங்கிலும் பாகத்துக்குப் பாகம் டிஎன்ஏ மாறும். பாலூட்டிகளின் சிவப்பணுவில் கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. அதனால் மாட்டு ரத்தத் தூள் கிலோ கணக்கில் இருந்தாலும் வெள்ளணுவில் உள்ள டிஎன்ஏ மட்டும்தான் கிடைக்கும். கோழியின் சிவப்பணுவில் கரு உண்டு, கோழி ரத்தம் ஒரு சொட்டிலேயே டிஎன்ஏ கொட்டும். அதற்கு மேல் சூடு. 110 டிகிரியில் காய்ந்த மீன் தூளும் 133 டிகிரியில் அழுத்தத்தில் வெந்த எலும்புத் தூளும் ஒரே எடையில் இருந்தால், இரண்டாவது நூறு மடங்கு மங்கலாகத் தெரியலாம். ஆகவே சிடி 36 என்பது துளிப் பால் பவுடராகவும் இருக்கலாம், கடுமையாக வெந்த எலும்புத் தூள் கணிசமாகவும் இருக்கலாம். சிடியிலிருந்து சதவீதம் எழுதித் தரும் ரிப்போர்ட்டை நான் ஏற்க மாட்டேன்.

தோவாளை_கால்நடை பதில்:

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி சொல்வது: பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் கால்நடைகளுக்கு, கோழி, பன்றி, மீன் தவிர, இறைச்சித் தூள், எலும்புத் தூள், உள்ளுறுப்பு, ரத்தத் தூள், மாடு அல்லது பன்றி வழித் திசுக்கள் கலந்த தீவனம் கொடுக்கக்கூடாது. பாலும் பால் பொருளும் இதில் விலக்கு. மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கான பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரம் ஐஎஸ் 2052. இப்போது உங்கள் ரிப்போர்ட்டை இதோடு பொருத்திப் பாருங்கள். கன்றுத் தீவனத்தின் பால் பவுடரிலிருந்து வந்த மாட்டு டிஎன்ஏ என்றால் அது விலக்குக்குள் வரும். எலும்புத் தூளிலிருந்து வந்தது என்றால் தடைக்குள் வரும். சிடி எண் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு விரோதம் என்றும் சொல்ல முடியாது, சுத்தம் என்றும் சொல்ல முடியாது. மீன் தூளை அந்த விதி பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் உங்களிடம் வாங்குபவர் விலங்குப் பொருள் எதுவுமே கூடாது என்று எழுதிக் கேட்டிருந்தால் அது ஒப்பந்த விஷயம், அங்கே மீனும் குற்றம்தான்.

கருங்கல் தம்பி 'விட்டுவிடலாமே' என்றதற்கு என் பதில். 1986-இல் பிரிட்டனில் பிஎஸ்இ என்ற மாட்டு மூளை நோய் அடையாளம் காணப்பட்டது. இறைச்சி எலும்புத் தூள்தான் வழி என்று தெரிந்து 1988 ஜூலையில் அசைபோடும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதைத் தடை செய்தார்கள். தடைக்குப் பிறகு பிறந்த மாடுகளிலும் ஆயிரக்கணக்கில் நோய் வந்தது. முக்கியக் காரணம், பன்றிக்கும் கோழிக்கும் அரைத்த அதே மில்லில் மாட்டுக்கும் அரைத்தது. நோயுற்ற மாட்டின் மூளைத் திசு ஒரு மில்லிகிராம் வாய்வழி கொடுத்தாலே இன்னொரு மாட்டுக்கு நோய் வரக்கூடும் என்று சோதனையில் தெரிந்தது. அதனால்தான் ஐரோப்பாவில் 2001 முதல் பண்ணை விலங்குகள் எல்லாவற்றுக்குமே தடை போட்டார்கள், 0.1% அளவைக் கண்டுபிடிக்கும் முறை வேண்டும் என்று நின்றார்கள். 2013-இல் பிசிஆரை நுண்ணோக்கியோடு சேர்த்து அதிகாரபூர்வ முறையாக்கினார்கள்.

நம் நாட்டில் இந்த நோய் பதிவாகவில்லை. உலக விலங்கு சுகாதார அமைப்பு 2010-இல் இந்தியாவை மிகக் குறைந்த அபாய நாடு என்று அங்கீகரித்தது. அதைக் காப்பாற்றுவது தீவன மில்லில்தான் இருக்கிறது. ஒரு தெளிவும் சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: பிசிஆர் தேடுவது மாட்டு டிஎன்ஏவை, நோயை அல்ல. நோய்க்காரணி பிரியான் ஒரு புரதம், அதற்கு டிஎன்ஏவே கிடையாது. ரிப்போர்ட்டில் மாடு என்று வந்தால் நோய் என்று யாரும் பயப்படவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம்.

சாமியார்மடம்_மெக்கானிக் பதில்:

மீன், கோழி இரண்டும் வந்திருப்பதைப் பார்த்தாலே கோழித் தீவன மிச்சம் என்று தெரிகிறது. ரிப்பன் மிக்சரில் கதவைத் திறந்து கொட்டியதும் காலி என்று நினைப்போம். ரிப்பனுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், அதில் ஒரு படிவு தங்கும். எலிவேட்டரின் அடிப்பெட்டியில் பக்கெட் எட்டாத இடத்தில் இன்னும் கொஞ்சம். 5 கிலோ தங்குகிறது என்று வையுங்கள். கோழித் தீவனத்தில் மீன் தூள் 8% என்றால் 400 கிராம் மீன் தூள். அடுத்து ஓடும் 500 கிலோ மாட்டுத் தீவனத்தில் அது 0.08%. நீங்கள் ஒரு பிடி கூடப் போடாமலே ஆய்வகம் பிடிக்கும் அளவு வந்துவிட்டது.

உங்களிடம் மொலாசஸ் வேறு ஓடுகிறது. மொலாசஸ் தெளிக்கும் குழாய்க்கு நேர் எதிரே ரிப்பனின் பின்பக்கம் ஒரு ஸ்குரூடிரைவரை வைத்துச் சுரண்டிப் பாருங்கள். கறுப்பாக, ரப்பர் சக்கை மாதிரி ஒரு தகடு பெயர்ந்து வரும். உடைத்தால் அடுக்கு அடுக்காக இருக்கும். பல மாதத் தீவனம் அதில் ஒட்டியிருக்கும், மீன் செதிலைக் கண்ணாலேயே பார்க்கலாம். அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து ஒவ்வொரு கலவையிலும் விழும். தூசி பிடிக்கும் துணிப்பையையும் உதறாதீர்கள், மாற்றுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்துச் சுத்தம் செய்வது தப்பு, தூசி ஷெட் முழுக்கப் பறந்து திரும்ப மூட்டையில்தான் உட்காரும். தண்ணீரும் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் இரண்டு மழைக்காலமும் பூஞ்சைதான். சுரண்டி, தூரிகையால் தள்ளி, வாக்குவம் போட்டு எடுங்கள்.

ஓட்டும் வரிசை முக்கியம். மாட்டுத் தீவனம் முதலில், பிறகு கன்று, கடைசியில் கோழி. மறுநாள் மாட்டுக்குத் திரும்பும் முன் 50 கிலோ அரிசித் தவிட்டைத் தனியாக ஹேமர் மில்லில் தொடங்கி பையில் விழும் வரை முழு வரிசையிலும் ஓட்டுங்கள், மிக்சரில் ஐந்து நிமிடம் சுற்றட்டும். அந்தத் தவிடு கோழித் தீவனத்துக்குப் போகட்டும், மாட்டுக்கு வேண்டாம். இது மிச்சத்தைக் குறைக்கும், பூஜ்யம் ஆக்காது. டிஎன்ஏ ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வாங்கியே தீர வேண்டும் என்றால் மாட்டுக்குத் தனி மிக்சர்தான் வழி. பழைய 250 கிலோ மிக்சர் ஒன்று போதும்.

சாக்கையும் பாருங்கள். உரமும் தீவனமும் சேர்த்து விற்கும் கடையிலிருந்து காலிச் சாக்கு எடுத்தால், தென்னைக்கும் வாழைக்கும் போகும் எலும்புப்பொடி இருந்த சாக்கு அதில் கலந்திருக்கும். அடித்தையலை உள்புறம் திருப்பி கறுப்புத் துணி மேல் தட்டினால் வெள்ளையாக நறநறவென்று விழும். கருவாடு ஏற்றிய டெம்போவில் புண்ணாக்கு ஏற்றினாலும் மீன் டிஎன்ஏ வந்துவிடும், குளச்சல், முட்டம் பக்கமிருந்து திரும்பும் வண்டியில் வாடகை குறைவு என்று ஏற்றுவார்கள்.

தக்கலை_மில் பதில்:

எல்லோருக்கும் நன்றி. விவரம்: கோழித் தீவனத்தில் சாளை மீன் தூள் 8% போடுகிறேன், கோழிக் கழிவுத் தூள் 3%. கன்றுத் தீவனத்தில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 10%. ஆய்வகத்துக்குப் போனது கோழித் தீவனம் ஓட்டிய அடுத்த நாள் முதல் கலவை. புதுச் சாக்கு அல்ல. தாது உப்புக் கலவை வெளியே வாங்குவது, பையில் டைகால்சியம் பாஸ்பேட் என்று இருக்கிறது, எதிலிருந்து என்று இல்லை. ரிப்பன் பின்னால் சுரண்டினேன், சொன்னது போலவே தகடு பெயர்ந்தது, செதில் இருந்தது. இப்போது மறுபடி எதை அனுப்ப? ஒரு மூட்டையில் அரைக் கிலோ போதுமா?

பிசிஆர்_மேசை பதில்:

மேலிருந்து அள்ளிய அரைக் கிலோ போதாது, காரணம் சொல்கிறேன். 0.1% எலும்புத் தூள் கலந்த தீவனத்தில் ஆய்வகம் 100 மில்லிகிராம் எடுத்து டிஎன்ஏ பிரிக்கிறது என்று வையுங்கள். அந்த 100 மில்லிகிராமில் எலும்பு 0.1 மில்லிகிராம். அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு எலும்புத் துணுக்கின் எடை சுமார் 0.13 மில்லிகிராம். அதாவது ஒரு துணுக்குக் கூட முழுதாக வராது. கிட்டத்தட்ட பாதித் தடவை குழாயில் எலும்பே இருக்காது, 'இல்லை' என்று வரும். அதே தீவனத்தை 2 கிராம் எடுத்தால் சராசரியாகப் பதினைந்து துணுக்கு இருக்கும், தவறாது. அதைவிட நல்லது, முதலில் மாவாக அரைத்துவிட்டு எடுப்பது. ஆகவே ஆய்வகத்திடம் இரண்டு நிபந்தனை: முழு மாதிரியையும் அரை மில்லிமீட்டர் சல்லடைக்குக் கீழ் அரைக்க வேண்டும், பிரித்தெடுப்புக்குக் குறைந்தது 2 கிராம், தனித்தனியாக இரண்டு முறை.

மாதிரி எடுக்கும் முறை. 100 மூட்டை இருந்தால் பத்து மூட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள், வாசலருகே உள்ள பத்து வேண்டாம். அரிசிக் கடைக் குத்தூசியால் மூலைக்கு மூலை சாய்வாகக் குத்தி ஒவ்வொன்றிலும் 200 கிராம். எலும்பு கனமானது, மூட்டை அதிரும்போது அடிக்கு இறங்கிவிடும், அதனால்தான் மேலிருந்து அள்ளக்கூடாது. இரண்டு கிலோவும் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து மறுபடி குவியுங்கள். அரைக் கிலோ வரும்போது நிறுத்தி மூன்று பொட்டலம். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று வாங்குபவருக்கு முத்திரையிட்டு, ஒன்று உங்களிடம். ஒவ்வொரு தொகுப்புக்கும் கையுறை மாற்றுங்கள். குத்தூசியை முதலில் தூரிகையாலும் துணியாலும் துடைத்து, பிறகு பிளீச்சிங் கரைசலில் பத்து நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசி, காய வைத்து அடுத்ததற்கு. வெந்நீரில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், டிஎன்ஏ போகாது. பொட்டலத்தை ஐஸில் வைக்க வேண்டாம், உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை வரும், பூஞ்சையின் நொதிகள் டிஎன்ஏவைத் தின்றுவிடும். ஈரம் 11%-க்குள் இருந்தால் இரட்டைப் பையில் சாதாரண வெப்பத்திலேயே அனுப்பலாம்.

எதை அனுப்புவது? சுத்தம் செய்யும் முன்பே, கோழித் தீவனத்துக்கு அடுத்து ஓடும் முதல் மாட்டுக் கலவையிலும் மூன்றாவது மாட்டுக் கலவையிலும் மாதிரி எடுங்கள். மிச்சம்தான் காரணம் என்றால் முதலாவதைவிட மூன்றாவதில் சிடி நன்றாக ஏறியிருக்கும் அல்லது 'இல்லை' என்று வரும். மூலப்பொருளிலேயே இருக்கிறது என்றால் இரண்டிலும் சிடி மாறாது. மீனும் கோழியும் ஏறி, மாடு மட்டும் அப்படியே நின்றால் தாது உப்பையோ புண்ணாக்கையோ சந்தேகப்படுங்கள். இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில், ஒரே ஓட்டத்தில் இரண்டையும் செய்யச் சொல்லுங்கள், அப்போதுதான் சிடியை ஒப்பிடலாம். கூடவே தாது உப்புக் கலவை, தேங்காய்ப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மூன்றையும் தனித்தனியாக.

'இல்லை' என்று வரும் இடத்தில் தடை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பருத்திக்கொட்டையின் பாலிஃபீனால், மொலாசஸ், மரச்சீனி மாவுச்சத்து, தாது உப்பின் கால்சியம் எல்லாம் பிசிஆர் நொதியை அடக்கும். பிரித்தெடுத்த டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் போடச் சொல்லுங்கள். அதே மாதிரியில் 'உண்டு' என்று வந்த விலங்கின் சிடி 3.3 கூடினால் சரி. ஒன்றோ இரண்டோதான் கூடுகிறது, அல்லது குறைகிறது என்றால் முதல் குழாயில் தடை இருந்தது, அந்த 'இல்லை' செல்லாது. உட்கட்டுப்பாட்டு டிஎன்ஏ ஒன்றைத் தெரிந்த அளவில் சேர்த்து ஓட்டுவதும் கேளுங்கள். இத்தனைக்கும் மறுப்பவர் வேண்டாம்.

ஆய்வகம் எது என்றால்: ஐஎஸ்ஓ 17025 என்ற ஆய்வகத் தரச் சான்று இருக்கிறது என்பதோடு நிற்காமல், சான்றின் பட்டியலில் விலங்கின டிஎன்ஏ சோதனை 'தீவனம்' என்ற பொருளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், 'இறைச்சி' என்று மட்டும் இருந்தால் தீவனத்துக்கு அது பொருந்தாது. ஹைதராபாத் செங்கிச்சர்லாவில் உள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் விலங்கின டிஎன்ஏ சோதனையில் நீண்ட அனுபவம் உள்ளது, தீவன மாதிரி எடுப்பார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் புரதம், நார், மணல்சாம்பல், நச்சுப்பூஞ்சை பார்க்கலாம்.

நுண்ணோக்கி_நாகர்கோவில் பதில்:

டிஎன்ஏவோடு நின்றால் பால் பவுடரா எலும்பா என்ற கேள்வி அப்படியே இருக்கும். அதற்குப் பழைய முறையே சிறந்தது. 10 கிராம் அரைத்த தீவனத்தைப் பிரிப்புக் குடுவையில் டெட்ராகுளோரோஎதிலீன் என்ற கரைப்பானில் கலக்கி விடுங்கள். அதன் அடர்த்தி 1.62. தவிடு, புண்ணாக்கு, இறைச்சி நார், சிறகு எல்லாம் மிதக்கும்; எலும்பு, செதில், உப்பு, மணல், சுண்ணாம்பு அடியில் இறங்கும். அடிப்படிவைக் காய வைத்து அலிசரின் ரெட் என்ற சாயம் போட்டால் எலும்பு சிவக்கும். பிறகு 100, 200 மடங்கில் பாருங்கள். நிலவிலங்கு எலும்பில் லாக்குனா என்ற குழிகள் நீள்வட்டமாக, பூசணி விதை மாதிரி, இழைகளோடு தெரியும். மீன் எலும்பில் அவை நீண்டு ஊசி மாதிரி இருக்கும். மிதப்பதில் வரியோடிய இறைச்சி நார், ரோமம், சிறகு தேடலாம். பால் பவுடரில் இவை எதுவும் இராது. அதனால் பிசிஆரில் மாடு வந்து, அடிப்படிவில் நிலவிலங்கு எலும்பு ஒன்று கூட இல்லை, இறைச்சி நாரும் இல்லை என்றால் பால் என்ற விளக்கம் நிற்கும். எலும்பு இருந்தால் நிற்காது. கோழி எலும்பும் நிலவிலங்கு எலும்புதான், குழியை வைத்துக் கோழியா மாடா என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது, அங்கே திரும்ப டிஎன்ஏதான். இந்தக் கரைப்பான் மூச்சுக்குக் கெடுதல், புகைபோக்கி அடியில் வைத்துத்தான் செய்ய வேண்டும், மில்லில் யாரும் முயல வேண்டாம்.

தக்கலை_மில் பதில்:

புரிந்தது. கடைசியாக டைகால்சியம் பாஸ்பேட் பற்றி. அதில் எலும்பு இருந்தால் இந்த இரண்டு சோதனையிலும் கண்டிப்பாகத் தெரியுமா?

தோவாளை_கால்நடை பதில்:

தெரியாமல் போகலாம், இதுதான் சிக்கலான இடம். டைகால்சியம் பாஸ்பேட் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று பாறைப் பாஸ்பேட்டிலிருந்து. இன்னொன்று ஜெலட்டின் தொழிலின் துணைப்பொருள்: எலும்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைத்து தாதுவைக் கரைத்து எடுத்து, அந்த நீரில் சுண்ணாம்பு சேர்த்துப் படிய வைப்பது. எலும்பின் உருவமே கரைந்து போனதால் நுண்ணோக்கியில் லாக்குனா தெரியாது. அமிலத்திலும் சுண்ணாம்பிலும் டிஎன்ஏவும் சிதைந்துவிடும், பிசிஆரும் 'இல்லை' எனலாம். சோதனைக்குப் பின்னால் ஓடுவதைவிட தாது உப்பு விற்பவரிடம் 'பாறைப் பாஸ்பேட் வழி மட்டும்' என்று தொகுப்பு எண்ணோடு எழுதி வாங்குங்கள், தாது உப்புக் கலவைக்கான ஐஎஸ் 1664 முத்திரை இருக்கிறதா பாருங்கள். பாறை வழி என்றால் ஃபுளோரின் அளவையும் ரிப்போர்ட்டில் கேளுங்கள், சரியாக நீக்காத பாறைப் பாஸ்பேட் மாட்டின் பல்லையும் எலும்பையும் கெடுக்கும்.

தாது உப்பு மாதிரியில் டிஎன்ஏ பார்ப்பதாக இருந்தால் வழக்கமான பிரித்தெடுப்பு வேலைக்காகாது, முதலில் இடிடிஏ கரைசலில் கால்சியத்தைக் கட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்லி அனுப்புங்கள்.

பிசிஆர்_மேசை பதில்:

ஆமாம், 0.5 மோலார் இடிடிஏ, ஒரு இரவு. செலவு மட்டுப்பட வேண்டும் என்றால் முதல் சுற்றில் மூன்று மாதிரி போதும்: முதல் கலவை, மூன்றாவது கலவை, தாது உப்பு. புண்ணாக்கு இரண்டையும் எடுத்து முத்திரையிட்டு உங்களிடமே வையுங்கள், மூன்றாவது கலவையில் சிடி ஏறாவிட்டால் அப்போது அனுப்பலாம். வாங்குபவருக்கு இப்போது கையில் இருக்கும் ரிப்போர்ட்டை மறைக்காமல், பால் பவுடர் ஓடும் வரிசை இது என்று ஒரு தாள் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

தக்கலை_மில் பதில்:

மூன்று மாதிரியும் திங்கட்கிழமை எடுக்கிறேன், அதுவரை ரிப்பனை மேற்கொண்டு சுரண்டாமல் விட்டிருக்கிறேன். சாக்கைப் புதிதாக மாற்றியாயிற்று. சிடி வந்ததும் இங்கேயே போடுகிறேன்.